மீண்டும் அச்சேறும் நூல்கள்: ஆனந்த குமாரசுவாமியின் மறுபதிப்புகளை முன்வைத்து

அறிவு வரலாற்றை எழுதுவோர் நூல்களை அவற்றின் முதற்பதிப்பு வெளிவந்த ஆண்டின்படி வரிசைப்படுத்துவது வழக்கம். ஆனால் எந்தத் தலைமுறை வாசகரும் அந்த வரிசையில் நூல்களைக் கையில் பெறுவதில்லை. முதலில் எழுதப்பட்டது கடைசியில் வந்து சேர்வதும், ஆசிரியரே கடந்துபோய்விட்ட கருத்து அவருடைய முடிந்த முடிபாக எண்ணப்படுவதும், சில நூறு படிகளோடு நின்றுபோன நூல் அரை நூற்றாண்டு கழித்துக் கல்லூரிப் பாடமாவதும் நூலுலகில் இயல்பாக நிகழ்வன. இவை அனைத்துக்கும் காரணம் மறுபதிப்பு. வரலாறு, தத்துவம், இலக்கியம், கலை ஆகிய துறைகளில் இன்று செவ்விய நூல்கள் என்று போற்றப்படுவனவற்றுள் பல, மறுபதிப்பின் வழியாகவே அம்மதிப்பைப் பெற்றவை. ஆகவே எந்த நூல் முதலில் மீண்டது, எந்தத் தலைப்போடு மீண்டது, எதை இழந்து எதைச் சேர்த்துக்கொண்டு மீண்டது என்பன ஓர் ஆசிரியரைப் பற்றிய பொதுக்கருத்தையே உருவாக்கிவிடுகின்றன. இதை விளக்குவதற்கு ஆனந்த குமாரசுவாமியின் நூல்களைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

மறுபதிப்பு என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படும் செயல்கள் பலவாதலின் அவற்றை முதலில் பிரித்தறிய வேண்டும். அச்சுக்கோத்த பழைய எழுத்துகளையோ தகடுகளையோ கொண்டு மேலும் சில படிகள் அடிப்பது மறு அச்சு எனப்படும். பழைய நூலின் ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்து, அப்படத்திலிருந்து ஆஃப்செட் முறையில் அச்சிடுவது படநகல் பதிப்பு. இதில் பழைய பக்க எண்களும் பழைய பிழைகளும் அப்படியே நிற்கும். ஆசிரியரோ முதலில் பதிப்பித்தவரோ தம் கையாலேயே திருத்தியும் பெருக்கியும் வெளியிடுவது திருந்திய பதிப்பு; உ.வே.சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவகசிந்தாமணியைப் பின்வந்த பதிப்புகளில் மேலும் செப்பம் செய்துகொண்டே சென்றது தமிழர் நன்கறிந்த எடுத்துக்காட்டு. ஆசிரியர் மறைந்த பின், வேறொருவர் அவருடைய கையெழுத்துக் குறிப்புகளையும் கடிதங்களையும் ஒப்பிட்டு, முன்னுரையும் அடைவுகளும் சேர்த்து வெளியிடுவது பதிப்பாசிரியர் பதிப்பு. குமாரசுவாமியின் நூல்கள் இந்த வழிகளில் பலவற்றிலும் மீண்டிருக்கின்றன. அதனால்தான் அவருடைய மறுபதிப்புகளின் வரலாறு தனியே ஆராயத் தகுந்ததாகிறது.

அவருடைய வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகக் கூறினால் போதும். 1877 ஆகஸ்ட் 22 அன்று கொழும்பில் பிறந்த அவர், இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசுவாமிக்கும் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கில மாதுக்கும் மகனாவார். அரிச்சந்திர நாடகத்தைத் தமிழிலிருந்தும் சுத்தநிபாதத்தைப் பாலியிலிருந்தும் ஆங்கிலத்தில் பெயர்த்த தந்தையார் 1879இலேயே மறைந்தமையால் மகன் இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டனில் நிலப்பொதியியல் பயின்று, இலங்கையின் கனிமவளக் கணக்கெடுப்புக்குத் தலைவராகி, தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்த அவர், கண்டி மலைநாட்டில் கற்களைத் தேடி அலைந்தபோதே அழிந்துவரும் கைவினைகளைக் கண்டு கலையின் பக்கம் திரும்பினார். 1917 முதல் 1947 செப்டம்பர் 9 அன்று மறையும் வரையில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். கலைப்பொருள்களைத் திரட்டி வகைப்படுத்தி வரலாறு எழுதிய ஒருவரையும், ஏறத்தாழ 1930க்குப் பின் வேதம், பிளேட்டோ, மெய்ஸ்டர் எக்கார்ட் ஆகியோரை ஒருங்கே வைத்துச் சமயத் தத்துவம் எழுதிய மற்றொருவரையும் அவருடைய எழுத்துகளில் காணலாம். இவ்விருவருள் எவரை எந்தத் தலைமுறை அறிந்தது என்பதைத் தீர்மானித்தவர்கள் பதிப்பாளர்கள்.

முதற்பெரு நூலான 'இடைக்காலச் சிங்களக் கலை' 1908இல் முற்றுப்பெற்றது. இங்கிலாந்தின் பிராட் கேம்டன் என்னும் சிற்றூரில், தம் இல்லமாகிய நார்மன் சேப்பலில், வில்லியம் மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகம் பயன்படுத்திய கையச்சுப் பொறியைக் கொண்டு, ஓராண்டுக்கு மேலாக அந்நூலை அவர் மேற்பார்வையிட்டு அச்சிடுவித்தார். அடிக்கப்பட்ட படிகள் 425. கைவினைஞர் ஒருவர் ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே செய்யும் முறையை இயந்திரத் தொழில் அழித்துவிட்டது என்பது அந்நூலின் உள்ளுறை. அதை இயந்திரம் கொண்டு அச்சிடுவது தம் கருத்துக்கே முரணாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். தாள், எழுத்து, பக்க அமைப்பு ஆகிய யாவும் அங்கே வாதத்தின் பகுதிகளாக நின்றன.

1956இல் நியூயார்க்கின் பாந்தியன் நிறுவனம் அந்நூலை மீண்டும் வெளியிட்டபோது உரையும் படங்களும் மீண்டன. கையச்சின் வாதம் மீளவில்லை. இந்த இழப்பை எண்ணி மறுபதிப்பே கூடாதென்று கூறுவது பொருந்தாது. 425 படிகளுக்குள் அடைபட்டிருந்தால், நெசவு, தச்சு, தந்தவேலை, அரக்குவேலை ஆகியவற்றைப் பற்றி அந்நூல் பதிந்து வைத்த செய்திகள் இலங்கையின் மாணவர்க்கே எட்டாமல் போயிருக்கும். எனினும் முதற்பதிப்பு எவ்வாறு, எப்பொறியில், ஏன் அச்சிடப்பட்டது என்பதை விளங்கச் சொல்லும் பதிப்புரை ஒன்று மறுபதிப்போடு எப்போதும் உடன்செல்ல வேண்டும். அது இல்லாத படி ஒன்றைக் கையிலெடுப்பவர், கைவினை பற்றிய தகவல் நூல் ஒன்றைப் படிக்கிறாரே தவிர, நூலே ஒரு கைவினைப்பொருளாக நின்று பேசியதை அறிவதில்லை.

குமாரசுவாமியின் எழுத்துகளுள் மிகுதியாக மீண்டும் மீண்டும் அச்சேறியது 'சிவ நடனம்'. இத்தலைப்பிலான கட்டுரை, சென்னையில் ஜே.எம்.நல்லசாமிப் பிள்ளை நடத்திய சித்தாந்த தீபிகை இதழில் 1912இல் வெளிவந்தது. சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சைவ சித்தாந்தத்தை உலகறியச் செய்ய உழைத்த நல்லசாமிப் பிள்ளையின் இதழில் அது தோன்றியது தற்செயலன்று. அக்கட்டுரை முழுவதும் தமிழ்ச் சைவ நூல்களின்மேல் எழுப்பப்பட்டது. திருவாதவூரடிகள் புராணம், உண்மை விளக்கம், திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரத்திலுள்ள திருக்கூத்துத் தரிசனம், சிதம்பர மும்மணிக்கோவை ஆகியவை அதில் சான்றாக நிற்கின்றன. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழில்களையும் ஆடவல்லானின் துடி, அமைத்த கை, அனல், ஊன்றிய திருவடி, தூக்கிய திருவடி ஆகியவற்றில் காணும் உண்மை விளக்கத்தின் கருத்தை ஆங்கில வாசகர்க்கு முதன்முதலில் பரவலாக அறிவித்தது அக்கட்டுரையே.

1918இல் நியூயார்க்கில் சன்வைஸ் டர்ன் என்ற சிறு புத்தகக்கடை அக்கட்டுரையின் பெயரையே நூற்பெயராக வைத்துப் பதினான்கு கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டது. மேரி மௌப்ரே கிளார்க், மேட்ஜ் ஜெனிசன் ஆகிய இரு பெண்டிர் 1916இல் தொடங்கிய கடை அது. 1922இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ரோமன் ரோலந்தின் முன்னுரையோடு வந்தது. 1957இல் நூன்டே நிறுவனத்தார் வெளியிட்ட மென்னட்டைப் பதிப்பில் அம்முன்னுரை ஆங்கில நூலோடு இணைந்தது. 1985இல் டோவர் நிறுவனத்தின் பதிப்பு வெளியாயிற்று. சைவ இதழொன்றில் சைவர்க்காக எழுதப்பட்ட கட்டுரை நியூயார்க் புத்தகக்கடை வழியாகக் கலையார்வலரையும், ரோலந்தின் முன்னுரை வழியாக ஐரோப்பிய மனிதநேயரையும், மலிவான மென்னட்டை வழியாக அமெரிக்கக் கல்லூரி மாணவரையும் அடைந்தது. 1975இல் இயற்பியலையும் கீழைத்தேயச் சமயங்களையும் ஒப்பிட்டு ஃபிரிட்ஜாஃப் காப்ரா எழுதிய நூலில் குமாரசுவாமி மேற்கோளாக நிற்பதும், 2004இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் நிறுவப்பட்ட நடராசர் படிமத்தின் அடியிலுள்ள பலகை அவர் பெயரைச் சொல்லியே தொடங்குவதும் இந்த மறுபதிப்புத் தொடரின் விளைவுகள்.

இத்தகைய புகழுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒவ்வொரு மறுபதிப்பிலும் கட்டுரை தன் பிறப்பிடத்தை விட்டுச் சற்று விலகிச் சென்றது; சித்தாந்த தீபிகையின் வாசகர்க்கு உண்மை விளக்கம் எக்காலத்து நூல், எந்த மரபைச் சேர்ந்தது என்பது தெரிந்திருந்தது, நூன்டே பதிப்பின் வாசகர்க்கோ அது காலங்கடந்த தொன்மை வாக்காக மட்டுமே தோன்றியது. மனவாசகங்கடந்தார் இயற்றிய உண்மை விளக்கம் 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது; குமரகுருபரரின் சிதம்பர மும்மணிக்கோவை 17ஆம் நூற்றாண்டினது; அவற்றைக் கொண்டு பொருள் கூறப்படும் ஆடவல்லான் படிமமோ செம்பியன் மாதேவியார் எடுப்பித்த கோயில்களில் 10ஆம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றுவிட்டது. பிற்கால நூலின் விளக்கத்தை முற்காலப் படிமத்தின்மேல் ஏற்றலாமா என்ற வினாவை 1999இல் பத்மா கைமல் ஓர் ஆய்விதழில் விரிவாக எழுப்பினார். அவ்வினாவுக்கு விடை எவ்வாறாயினும், முந்தைய மறுபதிப்புகளில் ஏதேனும் ஒன்றாவது மேற்கோள் நூல்களின் காலத்தை ஒரு பக்கத்தில் அட்டவணையாகக் கொடுத்திருந்தால், அவ்வினா எப்போதோ எழுந்திருக்கும் என்று கருத இடமுண்டு. இடையில் சி.சிவராமமூர்த்தி 1974இலும், கமில் சுவலபில் 1985இலும் நடராசரைப் பற்றி எழுதிய பெருநூல்கள் அக்குறையை வேறு வழியில் ஓரளவு போக்கின. ஆயினும் அவற்றைப் படித்தோரைவிட மென்னட்டைக் கட்டுரையைப் படித்தோர் பன்மடங்கினர்.

அத்தொகுப்பில் உள்ள வேறொரு கட்டுரை நீட்சேயைப் பற்றியது. இளமையின் வேகத்தில், உலகப் பொதுமை நோக்கில் எழுதப்பட்டது. மரபையே அளவுகோலாகக் கொண்ட பிற்காலக் குமாரசுவாமி அதை எழுதியிருக்கமாட்டார் என்று துணிந்து கூறலாம். ஆனால் 1957இலும் 1985இலும் நூலை வாங்கிய வாசகருக்கு அது 1918இல் நாற்பது வயதில் நின்ற ஒருவரின் நூல் என்பதும், அதற்குப் பின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் அவர் வேறு திசையில் நடந்தார் என்பதும் தாமே தேடியறிய வேண்டிய செய்திகளாகவே இருந்தன.

டோவர் நிறுவனத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவது கடமையாகும். ஹேவர்ட் சர்க்கர் 1941இல் நியூயார்க்கில் தொடங்கிய அந்நிறுவனம், கணிதம் முதல் கலை வரை அச்சில் இல்லாமற்போன நூல்களைப் படநகல் முறையில், தையலிட்ட மென்னட்டைப் புத்தகங்களாக, மாணவர் வாங்கத்தக்க விலையில் வெளியிட்டது. நூல் முதலில் எங்கே, எந்த ஆண்டில், எந்த நிறுவனத்தால் வெளியிடப்பட்டது என்பதையும், இப்பதிப்பு சுருக்கப்படாததா மாற்றப்படாததா என்பதையும் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் அறிவிப்பது அதன் வழக்கம். எளிய இரண்டு வரிகளேயாயினும் அவற்றின் பயன் பெரிது. ஆய்வாளர் ஒருவர் டோவர் பதிப்பின் பக்க எண்ணைக் குறித்தால் அது முதற்பதிப்பின் பக்க எண்ணாகவே பெரும்பாலும் அமைந்து, நாடும் காலமும் கடந்து எல்லோரும் ஒரே பக்கத்தைத் திறந்துவைத்துப் பேச முடிந்தது.

ஆயினும் படநகல் முறை காலத்தையும் சேர்த்தே உறையவைக்கிறது. குமாரசுவாமியின் 'இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு' 1927இல் 128 படத்தகடுகளில் 400 படங்களோடு நியூயார்க், இலண்டன், லைப்சிக் ஆகிய மூன்று நகரங்களிலிருந்து வெளிவந்தது. 1965இல் டோவர் அதை அப்படியே மீட்டது. சிந்துவெளி அகழாய்வை ஜான் மார்ஷல் 1924இல்தான் உலகுக்கு அறிவித்திருந்தார். அவருடைய முழு அறிக்கை 1931இல்தான் வந்தது. ஆகவே 1927இன் நூல் அந்நாகரிகத்தை அக்கால வழக்கப்படி இந்தோ சுமேரியம் என்று பெயரிட்டு அழைக்கிறது. மூன்றாண்டே ஆன கண்டுபிடிப்பை உடனே வரலாற்றுக்குள் கொண்டுவந்த ஆசிரியரின் விழிப்பு 1927இல் வியப்புக்குரியதாக இருந்திருக்கும். 1965இல் அதே சொல் பழமைப்பட்ட பெயராக நின்று, காலக்குறிப்பு அறியாத மாணவரைத் தவறான வழியில் செலுத்தக்கூடியதாயிற்று.

தமிழகத்துச் செய்திகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்குக் கீழே மறைந்திருந்த சோழர் ஓவியங்களை எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்தது 1931இல். எனவே 1927இன் வரலாற்றில் சோழர் ஓவியத்துக்கு இடமில்லை. டோவர் பதிப்பு வெளிவந்த அதே 1965ஆம் ஆண்டில்தான் டக்ளஸ் பேரெட்டின் 'முற்காலச் சோழர் செப்புத்திருமேனிகள்' பம்பாயில் வெளியாயிற்று. அதற்கு இரண்டாண்டு முன்னர் பி.ஆர்.சீனிவாசனின் தென்னிந்தியச் செப்புத்திருமேனிகள் பற்றிய நூலும் வந்திருந்தது. படிமங்களைக் கல்வெட்டோடும் கோயில் கட்டடத்தின் காலத்தோடும் பொருத்தி, பத்தாண்டு இருபதாண்டு வேறுபாட்டைக்கூடக் கணிக்க முயன்ற இந்தப் புதிய புலமையும், அதற்கு ஒரு தலைமுறைக்கு முற்பட்ட பொதுவரலாறும் ஒரே ஆண்டில் கடைகளுக்கு வந்தன. அவற்றுள் மலிவானதும் எங்கும் கிடைத்ததும் பின்னதே. பழைய நூலை மாற்றாமல் அச்சிட்டது சரியான செயலே. உரையைத் தொடாமல், முன்னே நான்கு பக்கங்களில், இந்நூலுக்குப் பின் கண்டறியப்பட்டவை இவை, பெயர் மாறியவை இவை என்று ஓர் அறிஞரை எழுதச் செய்திருந்தால் அப்பதிப்பு இரட்டிப்புப் பயன் தந்திருக்கும். படநகல் பதிப்பின் நேர்மையும் பதிப்புரையின் பொறுப்பும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல.

தலைப்பு மாற்றம் இதனினும் நுட்பமான சிக்கலை உடையது. 1943இல் இலண்டனின் லூசாக் நிறுவனம் 'கலைப்படைப்புகளைக் காட்சிக்கு வைப்பது ஏன்?' என்னும் கட்டுரைத் தொகுதியை வெளியிட்டது. அருங்காட்சியகம் ஒன்றிலேயே வாழ்நாளில் ஏறத்தாழப் பாதியைக் கழித்த அறிஞர், அருங்காட்சியகங்களின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கும் நூல் அது; வழிபடவும் உண்ணவும் உடுக்கவும் செய்யப்பட்ட பொருள்களை அவற்றின் பயனிலிருந்து பிரித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்ப்பது கலையை அறிவதாகாது என்பதே அதன் அடிப்படை வாதம். 1956இல் டோவர் அதை மறுபதிப்புச் செய்தபோது அதற்கு 'கிறித்தவ, கீழைத்தேயக் கலைத் தத்துவம்' என்று பெயர் சூட்டியது. அப்பெயர் நூலின் இன்னொரு கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது. 1939இல் பாஸ்டன் கல்லூரி என்ற கத்தோலிக்க நிறுவனத்தில் ஆற்றிய அச்சொற்பொழிவுக்குக் குமாரசுவாமி இட்ட முழுத் தலைப்பு, கிறித்தவக் கலைத் தத்துவம், கீழைத்தேயக் கலைத் தத்துவம் என்பனவற்றோடு, 'அதாவது மெய்யான கலைத் தத்துவம்' என்ற பொருளையும் உடையதாக இருந்தது. அட்டையில் அந்த 'மெய்யான' என்பது விடுபட்டது.

இவ்விடுபாடு சிறியதன்று. இரண்டு மரபுகளை ஒப்பிட்டுக் காட்டும் ஆய்வு என்று புதிய தலைப்பு தோன்றச் செய்கிறது. நூலுக்குள் இருப்பதோ ஒப்பீடு அன்று. இடைக்கால ஐரோப்பாவும் இந்தியாவும் கலையைப் பற்றி ஒன்றையே கூறின, அவ்வொன்றே உண்மை, மறுமலர்ச்சிக்குப் பிந்தைய ஐரோப்பாவின் அழகியல் அவ்வுண்மையிலிருந்து விலகிய வழி என்பது குமாரசுவாமியின் துணிபு. அத்துணிபை ஏற்பதும் மறுப்பதும் வாசகர் உரிமை. அதை அட்டையிலிருந்து நீக்கி ஒப்பியல் நூலாகக் காட்டுவது பதிப்பாளர் உரிமையாகாது. பழைய தலைப்பில் இருந்த வினாவும் உடன் மறைந்தமையால், அருங்காட்சியகம் பற்றிய அவருடைய குறைகூறல் அத்துறையினர் பலருடைய கண்ணில் படாமற்போயிருக்கும் வாய்ப்பு மிகுதி. அவருடைய இறுதி நூல்களுள் ஒன்றும் இவ்வாறே அமெரிக்காவில் 1947இல் ஒரு பெயரிலும், இங்கிலாந்தில் 1949இல் எழுத்தறிவு மாயையைச் சுட்டும் வேறொரு பெயரிலும் வந்து, இரு நூல்கள் என்று எண்ணி இரண்டையும் தேடி வாங்குவோரை இன்றும் உண்டாக்கிக்கொண்டிருக்கிறது.

இவற்றோடு 1956இல் மீண்ட 'கலையில் இயற்கையின் மாற்றுரு', 1964இல் மீண்ட புத்தர் வரலாறு, நிவேதிதை தொடங்கிக் குமாரசுவாமி முடித்து 1967இல் மீண்ட தொன்மக் கதைத் தொகுதி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், 1970 வரை ஆங்கில வாசகர் அறிந்த குமாரசுவாமி யார் என்பது விளங்கும்: கலை வரலாற்று ஆசிரியர், கைவினையின் நண்பர், இந்தியப் பண்பாட்டின் தூதர். கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் அவர் எழுதிய தத்துவக் கட்டுரைகள் பல நாடுகளின் ஆய்விதழ்களில் சிதறிக் கிடந்தன. உரையை விஞ்சும் அளவுக்கு அடிக்குறிப்புகளும், அவற்றில் கிரேக்கம், இலத்தீன், வடமொழி, பாலி மேற்கோள்களும் நிறைந்த அவற்றை மலிவு மென்னட்டையாக வெளியிட எவரும் முன்வரவில்லை. 1977இல்தான், அவர் மறைந்து முப்பதாண்டு கழித்து, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் பாலிங்கன் வரிசையில் ரோஜர் லிப்சி தொகுத்த இரண்டு தொகுதிகளை வெளியிட்டது. ஒன்று மரபுக்கலையும் குறியீடும் பற்றியது, மற்றொன்று மெய்ப்பொருளியல் பற்றியது. மூன்றாவதாக லிப்சி எழுதிய வாழ்க்கை வரலாறு. தாம் எழுதியவற்றுள் மிகமுக்கியம் என்று குமாரசுவாமி கருதியவை இவ்வாறு மிகத் தாமதமாகவே நூலுருப் பெற்றன. இன்றும் பெரும்பாலோர் மனத்தில் முதலில் தோன்றுவது 1918இன் குமாரசுவாமியே என்பதற்கு இந்த வரிசையன்றி வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இத்தொகுதிகளுக்கு வழிவகுத்த உழைப்பில் தமிழருக்கும் பங்குண்டு. மலேசியாவில் ஆசிரியராக இருந்த சு.துரைராஜசிங்கம், பல்கலைக்கழக ஆதரவு எதுவுமின்றி, உலகெங்கும் கடிதம் எழுதிக் குமாரசுவாமியின் வாழ்க்கைச் செய்திகளையும் நூற்பட்டியலையும் திரட்டித் தம் செலவிலேயே நூல்களாக வெளியிட்டுவந்தார். 1974இல் வந்த அவருடைய பெருந்தொகுப்பு அவ்வுழைப்பின் முதிர்ச்சி. அட்டையும் கட்டமைப்பும் எளியவை. அன்பும் விடாமுயற்சியும் பெரியவை. ஒருவர் என்னென்ன எழுதினார், எங்கெங்கே எழுதினார் என்ற பட்டியல் இல்லாமல் எந்த மறுபதிப்பும் தொடங்க முடியாதென்பதை அறிந்தோர் இத்தகையோருக்கு நன்றியுடையராயிருத்தல் வேண்டும். பின்னர் 2002இல் ஜேம்ஸ் கிரவுச் தொகுத்த முழு நூற்பட்டியலை இந்திரா காந்தி தேசியக் கலை மையம் வெளியிட்டது.

அம்மையம் கபிலா வாத்ஸ்யாயனின் வழிகாட்டுதலில் தொடங்கிய குமாரசுவாமி நூல்வரிசையே பதிப்பாசிரியர் பதிப்புக்கு இங்கே கிடைக்கும் நல்ல எடுத்துக்காட்டு. 1988இல் அல்வின் மூரும் மகன் ராமா குமாரசுவாமியும் தொகுத்த கடிதங்கள் முதலில் வந்தன. இயக்கர் வழிபாட்டைப் பற்றி 1928, 1931 ஆகிய ஆண்டுகளில் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் இரு பகுதிகளாக வெளியிட்ட ஆய்வை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1971இல் தில்லியில் அது பழைய வடிவிலேயே மீண்டது. 1993இல் பால் ஷ்ரோடர் பதிப்பித்தபோதோ, நீரை மையமாகக் கொண்ட உலகத்தோற்றக் கொள்கை என்னும் இழையில் தொடர்புடைய எழுத்துகளும் இணைந்து, திருத்தமும் விரிவும் பெற்ற நூலாயிற்று. மைக்கேல் மைஸ்டர் 1992இல் பதிப்பித்த கட்டடக்கலைக் கட்டுரைகள் இன்னும் ஒருபடி மேலே சென்றன: நகரங்களும் நகரவாயில்களும், போதிமரக் கோயில்கள், அரண்மனைகள் என்று 1930ஐ ஒட்டி வெளிவந்து இடையில் நின்ற தொடரில், குடில்களும் அவற்றையொத்த கோயில்களும் பற்றிய நான்காம் பகுதி ஆசிரியர் வாழ்நாளில் அச்சாகவேயில்லை, அது அவர் மறைந்து நாற்பதாண்டு கழித்தே ஆய்விதழில் இடம்பெற்று, பின்னர் முந்தைய மூன்றோடும் சேர்ந்தது. மறுபதிப்பு என்னும் செயல் இங்கே முடியாதிருந்த நூலை முடித்துவைத்திருக்கிறது.

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை நீடிக்கும். எனவே குமாரசுவாமி வாழ்நாளில் வெளியிட்ட நூல்களின் உரிமை 2007ஆம் ஆண்டோடு இங்கு முடிந்தது. 70 ஆண்டு விதியுள்ள பிரிட்டனில் 2017ஆம் ஆண்டோடு முடிந்தது. அதன்பின் எவரும் அச்சிடலாம் என்ற நிலையில் பதிப்புகள் பெருகியுள்ளன. நூலகப் படியை மின்வருடி, கேட்போருக்கு ஒவ்வொன்றாக அச்சிட்டுத் தரும் முறையில் வருவனவற்றுள் பல, படத்தகடுகள் கறுத்தும், மடிப்புத் தாள்கள் மடிந்தபடியும், முதற்பதிப்பின் ஆண்டு எங்கும் குறிக்கப்படாமலும் இருப்பது வருந்தத்தக்கது. தமிழிலும் நாட்டுடைமையாக்கப்பட்ட அறிஞர்களின் நூல்கள் இதே கதிக்கு ஆளாகின்றன. 1940களில் எழுதப்பட்ட ஆராய்ச்சி நூலின் உள்ளே 'முதற்பதிப்பு' என்று நடப்பாண்டே அச்சாகியிருக்க, ஆசிரியர் தம் காலத்து நிலையைக் குறிக்க 'இன்று' என்று எழுதியதை மாணவர் தம் காலத்து 'இன்று' என்று கொள்ள நேர்கிறது. முதற்பதிப்பின் ஆண்டும் இடமும், பின்வந்த பதிப்புகளின் பட்டியலும், இப்பதிப்பில் செய்யப்பட்ட மாற்றமும் ஒரு பக்கத்துக்குள் அடங்கக்கூடியவை. அவற்றைக் கொடுக்கச் செலவு எதுவும் இல்லை.

குமாரசுவாமியைப் பொறுத்தவரை தமிழ்ப் பதிப்புலகம் செய்யத்தக்க பணி ஒன்று தெளிவாகக் காத்திருக்கிறது. 'சிவ நடனம்' கட்டுரையை, 1912இன் இதழ் வடிவத்தையும் 1918இன் நூல் வடிவத்தையும் ஒப்பிட்டு, அதில் ஆங்கிலத்தில் நிற்கும் ஒவ்வொரு மேற்கோளுக்கும் நேராகத் தமிழ் மூலச் செய்யுளை வைத்து, அச்செய்யுளின் நூலையும் காலத்தையும் குறித்து, சைவ சித்தாந்தம் அறிந்த ஒருவரும் செப்புத்திருமேனிகளை அறிந்த ஒருவரும் இணைந்து பதிப்பிக்க வேண்டும். மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பாகத் தமிழுக்கு வருமானால் அக்கட்டுரை தன் வேரையே இழக்கும். மூலச் செய்யுள்கள் தம் இடத்தில் அமர்ந்தால், குமாரசுவாமி எந்தப் பாடலை எவ்வாறு உணர்ந்தார், எங்கே விரித்தார், எங்கே சுருக்கினார் என்பது வரிவரியாகத் தெரியவரும். அதற்கு வேண்டிய நூல்கள் அனைத்தும் அச்சில் உள்ளவை. சித்தாந்த தீபிகையின் தொகுதிகளும் பழைய நூலகங்களில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அறக்கட்டளைகள் பொருளுதவி செய்யத் தகுந்த பணிகளுள் இதற்கு முதலிடம் தரலாம்.